வைகை கடலைத் தொடாத கரை: பங்குனியில் ஆறு நாள்

முதல் நாள்: பார்த்திபனூரிலிருந்து பெரிய கண்மாய்

வருசநாட்டு மலையில் புறப்படும் வைகை 258 கிலோமீட்டர் ஓடி வந்தும் நேராகக் கடலில் விழுவதில்லை. பார்த்திபனூர் மதகு அணையைத் தாண்டியதும் வாய்க்கால்களாகப் பிரிந்து, ஒரு கண்மாயை நிறைத்து அடுத்த கண்மாய்க்குப் போய், கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. அதுவும் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் ஆற்றங்கரைப் பக்கம் கடலுக்கு மிச்சம் போகும். அது எல்லா வருசமும் நடப்பதில்லை. இந்தச் சீமையின் கோயில், பள்ளிவாசல், பனங்காடு, மிளகாய்க் களம் எதைப் பார்க்கப் போனாலும் முதலில் கண்மாயைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. மற்றதெல்லாம் இந்த நல்ல தண்ணீரின் கணக்கில்தான் நிற்கிறது.

கண்மாயைப் பார்ப்பது என்றால் கரையில் ஏறிப் படம் எடுப்பது அல்ல. வரத்துக்கால் எங்கே நுழைகிறது, உள்வாய் எவ்வளவு தூரம் விரிகிறது, மடைகள் எத்தனை, கலுங்கு எந்தக் கடைசியில் இருக்கிறது என்று கரைமேல் நடந்தே பார்க்க வேண்டும். மடை வயலுக்குத் தண்ணீர் விடும் வாய். கலுங்கு மிச்சத்தை வெளியேற்றும் வழி. கலுங்கின் உயரம்தான் கண்மாயின் கொள்ளளவு. அதன்மேல் ஒரு வரிசைக் கல் ஏற்றினால் மேலே இருக்கும் ஊரின் வயல் மூழ்கும், ஒரு வரிசை குறைத்தால் கீழே இருக்கும் ஊர் காயும். பழைய ஊர்ச் சண்டைகளில் பாதி இந்த ஒரு வரிசைக் கல்லுக்காக நடந்தவை. வடக்கே ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்பார்கள். நாரைகூட ஒரே மூச்சில் கடக்க முடியாத அகலம் என்பது அதன் பொருள்.

தண்ணீரைப் பங்கிடுபவர் நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்ற கணக்கு அவரிடம் இருக்கும். கூலி பணமாக இல்லாமல் அறுப்பில் நெல்லாக அளக்கும் ஊர்கள் உண்டு. மழைக்காலத்தில் இரவில் கரை பார்ப்பதும் அவர் வேலைதான். கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் தெளிவாகக் கசிந்தால் பதற வேண்டியதில்லை. கலங்கலாகக் கசிந்தால் உள்ளே மண் அரிக்கிறது, நண்டு வளையோ எலி வளையோ குழாய் போல விரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது வெளிப்பக்கம் மண்ணைப் போட்டு அடைப்பது வீண். உள்பக்கம் வளையின் வாயைக் கண்டுபிடித்து, வைக்கோல் பிரியும் களிமண்ணும் சேர்த்துத் திணிக்க வேண்டும்.

தூர் வாருவதிலும் அளவு உண்டு. கோடையில் வண்டலை வயலுக்கு அள்ளினால் வயலுக்கும் நல்லது, கண்மாய்க்கும் நல்லது. ஆழமாகப் பள்ளம் பறித்தால் இரண்டுக்கும் கேடு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் வயலுக்குப் போகாது. அடியில் இருக்கும் களிப்படலம் கிழிந்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். கடலோரக் கண்மாய்களில் இன்னும் மோசம், கீழிருந்து உப்பு ஏறும். இயந்திரம் வந்தபிறகு இந்த அளவு பல இடங்களில் தப்பிவிட்டது.

பங்குனியில் கண்மாய் வற்றும். இடுப்பளவு சேற்றுத் தண்ணீர் மிஞ்சும்போது ஊர் கூடி மீன் பிடிக்கும். பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசினால் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கருவி ஊத்தா: மேலே குறுகி, கீழே அகன்று, அடியில்லாத கூடை. சேற்றில் அமுக்கி, உள்ளே மீன் முட்டுவது தெரிந்ததும் மேல்வாய் வழியாகக் கைவிட்டு எடுக்க வேண்டும். விரால் என்று நினைத்துக் கெளுத்தியைப் பிடித்தால் முள் குத்தி அன்று முழுக்கக் கை கடுக்கும். முதலில் விரல் நுனியால் தொட்டு, வழுக்கலா செதிலா என்று பார்த்துவிட்டுத்தான் பிடிப்பார்கள்.

சாலையோரம் சிவப்பாகக் காய்வது முண்டு வத்தல். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பறித்த பழத்தை ஓர் இரவு நிழலில் குவித்து வைப்பார்கள், அரைப்பழுப்பு அதற்குள் சிவந்துவிடும். பிறகு களத்தில் பரப்பிப் பத்துப் பதினைந்து நாள் காய்ச்சல். மாலையில் கூட்டி மூடாவிட்டால் பனி இறங்கித் தோல் வெளுக்கும். வெளுத்தது 'சண்டு', விலை பாதியாகும். நான்கு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ வத்தல் தேறினால் நல்ல விளைச்சல். வாங்குகிறவர்கள் கையில் அள்ளிக் குலுக்கிப் பாருங்கள். விதை உள்ளே கலகலவென்று சத்தம் போட வேண்டும். சத்தம் அமுங்கினால் ஈரம் இருக்கிறது, ஊர் போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டாம் நாள்: இராமநாதபுரம், அழகன்குளம், தேவிபட்டினம்

இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றியவர் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட கிழவன் சேதுபதி. அவர் கட்டிய இராமலிங்க விலாசம் இன்று தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுவரோவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை. தஞ்சை மராத்தியருடன் நடந்த போர், ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்பது, இராமாயணக் காட்சிகள் எல்லாம் உண்டு. கூட்டம் போர்க்காட்சி முன்னால் நின்றுவிட்டுப் போய்விடும். இராசராசேசுவரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் அளிக்கும் காட்சியைத் தேடிப் பாருங்கள். அரசுரிமை எங்கிருந்து வந்தது என்று அந்த அரசர்கள் சொல்லிக்கொண்ட விதம் அதில் இருக்கிறது. காலை வெளிச்சத்தில் போவது நல்லது. பிறகு கூடம் இருட்டு, படத்தின் கோடுகள் பிடிபடாது.

அழகன்குளத்தில் பார்க்க எதுவும் இல்லை என்று சிலர் திரும்பிவிடுகிறார்கள். உண்மைதான், குழிகள் மூடப்பட்டுவிட்டன. ஆனால் 1986–87இல் தொடங்கிய அகழாய்வுகளில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், உருளைக் கருவியால் வரிக்கோலம் பதித்த ரௌலட் ஓடுகள், நான்காம் நூற்றாண்டுக் கடைசியைச் சேர்ந்த உரோமானியக் காசுகள், கப்பல் கீறிய ஒரு பானை ஓடு எல்லாம் கிடைத்தது இந்த மண்ணில்தான். வைகையின் பழைய முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் இது. முகத்துவாரம் என்றால் கப்பலுக்குக் குடிதண்ணீர் கிடைக்கும் இடம். துறைமுகம் ஏன் இங்கே அமைந்தது என்பதற்கு வேறு விளக்கம் அதிகம் வேண்டியதில்லை. மேட்டில் நடக்கும்போது ஓடுகள் காலில் இடறும். எடுத்துப் பையில் போடாதீர்கள், இடம் மாறிய ஓட்டுக்கு வரலாறு கிடையாது.

தேவிபட்டினம் நவபாஷாணம் கடலுக்குள் இருக்கும் ஒன்பது கல். இலங்கைக்குப் போகும் முன் இராமர் நட்டது என்பது ஐதீகம். ஆடி, தை அமாவாசைகளில் நிற்க இடமிருக்காது. மற்ற நாளில் காலை ஆறு மணிக்கே போய்விடலாம். இந்தப் பக்கம் பாக் நீரிணை, ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனால் வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கரையில் ஏறி நின்று கற்களை மறைக்கும். பங்குனியில் தண்ணீர் கண்ணாடி. பாசி பிடித்த படிகளில் வெறுங்காலை முழுதாக ஊன்றி நடக்க வேண்டும், குதிகாலைத் தூக்கினால் விழுவது உறுதி. பழைய துணியைக் கடலில் விடும் வழக்கம் சாத்திரத்தில் எங்கும் இல்லை என்று புரோகிதர்களே சொல்கிறார்கள். ஆனாலும் கற்களைச் சுற்றித் துணிதான் மிதக்கிறது.

மூன்றாம் நாள்: உத்தரகோசமங்கை, சாயல்குடி பனங்காடு

'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று இந்தப் பக்கம் ஒரு சொலவடை. மண் பிறந்ததா, உத்தரகோசமங்கை பிறந்ததா, எது முதல் என்று கேட்கும் பெருமை. மாணிக்கவாசகர் 'நீத்தல் விண்ணப்பம்' பாடிய தலம். மரகத நடராசர் வருசம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பைக் களைவார்கள். அந்த ஒரு நாளைக்கு வர நினைப்பவர்கள் முந்தின இரவே வரிசையில் நிற்கத் தயாராக வரவேண்டும். மற்ற நாளில் கோயில் அமைதியாக இருக்கும், பிரகாரத்தை நிதானமாகச் சுற்றலாம்.

அங்கிருந்து தெற்கே சிக்கல், சாயல்குடி. நிலம் மெல்ல வெளுத்து, மணல் ஏறி, பனை நெருங்கும். கண்மாய்த் தண்ணீர் எட்டாத இடத்தில் பனைதான் விவசாயம். மாசியில் தொடங்கி ஆடி வரை பதநீர்ப் பருவம்.

பனையேறி இடுப்பில் கட்டுவது அரிவாள்பெட்டி. அதற்குள் பாளை அரிவாள், கடிப்பு, சுண்ணாம்பு. காலில் தளைநார், கையில் முருக்குத்தடி. ஆண் பனையை அலகுப்பனை என்றும் பெண் பனையைப் பருவப்பனை என்றும் சொல்வார்கள். இரண்டிலும் பாளை உண்டு, இடுக்கும் விதம்தான் வேறு. பாளையைக் கடிப்பால் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கிப் பக்குவப்படுத்திய பிறகே நுனியைச் சீவ வேண்டும். பக்குவம் வராத பாளையைச் சீவினால் ஒரு சொட்டும் வராது. சீவும் சில்லு தாள் கனத்தில் இருக்க வேண்டும். கனமாகச் சீவினால் பருவம் முடியும் முன் பாளை தீர்ந்துபோகும், அதிகம் மெல்லிசாகச் சீவினால் பழைய வெட்டுவாய் மூடிக்கொண்டே இருக்கும்.

பாளையில் மாட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும். புளித்ததைக் காய்ச்சினால் பாகு இறுகாது, கையில் ஒட்டும். கூடினால் நாக்கில் காரம் தட்டும், கருப்பட்டி கறுத்துப்போகும். வெயில் நாளுக்குக் கொஞ்சம் கூட, மேகமூட்டத்துக்குக் கொஞ்சம் குறைய என்று பனையேறி விரலால் அளந்து தடவுகிறார். கலயத்தைப் பழைய சுண்ணாம்பு போகக் கழுவாமல் மேலே மேலே பூசுவது சோம்பேறித்தனம், அடியில் புளிப்பு தங்கிவிடும்.

கீழே இறக்கியதும் பன்னாடையில் வடிகட்டுவார்கள். மட்டையின் அடியில் வலை போல இருக்குமே, அதுதான். நல்லதை விட்டுவிட்டுக் குப்பையைப் பிடித்துக்கொள்வதால் அது திட்டாகவும் ஆகிவிட்டது. பாவம், பதநீருக்கு அதைவிடச் சிறந்த வடிகட்டி கிடையாது. அடுப்பில் காய்ந்த மட்டையும் சீமைக்கருவேல விறகும் எரியும். பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே கருப்பட்டி வரும், இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முதல் கொதியில் நுரை பொங்கி வழியப் பார்க்கும். அப்போது ஒரு ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவார்கள், அதன் எண்ணெய் நுரையை அடக்கும். நிறம் மாறிக் குமிழி பெரிதானதும் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். கரைந்தால் இன்னும் காய்ச்ச வேண்டும், விரலில் உருட்ட வந்தால் பதம். இறக்கி, துடுப்பால் விடாமல் துழாவினால்தான் மணல் மணலாகக் கட்டும். துழாவாமல் ஊற்றினால் நடுவில் பாகு தங்கிக் கசியும். தண்ணீரில் நனைத்த சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டுத் தட்டினால் கருப்பட்டி.

வாங்கும்போது உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரே நிறமாக, பளபளப்பில்லாமல் இருக்க வேண்டும். சீனி சேர்த்தது கண்ணாடி போல மின்னும், வெளிறிய நிறத்தில் கல்லாக இருக்கும். கடலோரப் பனையின் கருப்பட்டியில் இனிப்புக்கு அடியில் மெல்லிய உவர்ப்பு இருக்கும், அது குறையல்ல. மழைக்காலத்தில் கசிந்தால் பயப்பட வேண்டாம், ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் சரியாகிவிடும்.

மரம் இருக்கிறது, ஏற ஆள் இல்லை என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்வது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் வந்த அறிவிப்பு மரத்தைக் காக்கும். ஏறுகிறவரின் முதுகுவலிக்கு அதில் வழியில்லை.

நான்காம் நாள்: வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை

காலையிலேயே உப்பளம். தமிழ்நாடு உப்புக் கழகம் 1974இல் தொடங்கியது, வாலிநோக்கம்–மாரியூர் பக்கம்தான் அதன் அளங்கள். கடல் தண்ணீர், உப்பின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவையில் ஏறக்குறைய 3 டிகிரி. பாத்தி பாத்தியாக நகர்த்தி 25 டிகிரிக்கு ஏற்றினால் உப்புப் பூக்கத் தொடங்கும். 29 டிகிரி தாண்டும் முன் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். தவறினால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், மூட்டையிலேயே ஈரம் ஒழுகும். ஒரு நல்ல மழை ஒரு மாத வேலையைக் கரைத்துவிடும். ஊரே மழைக்கு ஏங்கும்போது அளத்துக்காரர் மட்டும் வானத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார். வெள்ளை வெயில் கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள்.

ஏர்வாடியில் சுல்தான் சையது இபுராகீம் ஷகீது அடக்கமான தர்கா. சந்தனக்கூடு இசுலாமியக் கணக்கின் துல்கஅதா மாதத்தில் நடக்கும். எல்லா மதத்தாரும் வந்து தங்கும் இடம், ஆண்கள் தலையை மறைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

கீழக்கரைக்கு ஒரு நாள் போதாது. பழைய ஜும்மாப் பள்ளியின் தூண்களும் அவற்றின் தலையில் இருக்கும் போதிகைகளும் பார்ப்பதற்குக் கோயில் மண்டபம் போலவே இருக்கும், உருவச் சிலை மட்டும் இருக்காது, பூவும் கொடியும்தான். கல்தச்சர் ஒரே மரபினர், கட்டுவித்தவர் மட்டும் வேறு. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற வாக்குக்குரிய வள்ளல் இந்த ஊர்க்காரர், கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். இங்கே அண்ணனைக் 'காக்கா' என்பார்கள், அக்காவை 'லாத்தா'. வெளியூர்க்காரர் கடையில் 'காக்கா' என்று கூப்பிட்டால் முகம் மலர்ந்துதான் பதில் வரும்.

சங்கு குளித்தல் இந்தக் கரையின் பழைய தொழில். வளையலுக்காக வங்காளத்துக்குப் போனது இடம்புரிச் சங்குதான். வலம்புரி கிடைப்பது மிக அரிது. தெருவில் மலிவாக 'வலம்புரி' விற்றால் அது ஒன்று வேறு இனம், இல்லாவிட்டால் ஒட்டுவேலை.

சாப்பாட்டில் தொதல் என்ற இனிப்பை விடக்கூடாது. சாயல்குடியில் பார்த்த கருப்பட்டி இங்கே வந்து சேருகிறது. வீட்டுக்கு வீடு கை மாறும், ஆனாலும் ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு இரண்டு கிலோ கருப்பட்டி, எட்டு முதல் பத்து தேங்காய் என்பது ஓர் அளவு. இரண்டாம் பால், மூன்றாம் பாலில் மாவைக் கரைத்து, கருப்பட்டிப் பாகைச் சேர்த்து, கட்டியில்லாமல் அடுப்பில் ஏற்ற வேண்டும். முதற்பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் கிண்ட வேண்டும், அடுப்பு சீராக எரிய வேண்டும், கை நிற்கக் கூடாது. நின்றால் அடி பிடித்துக் கருகல் வாசம் முழுக்கப் பரவிவிடும். அதை எதனாலும் மறைக்க முடியாது. நெய் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. தேங்காய்ப் பாலே எண்ணெயாகப் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும், தொதல் சட்டியை விட்டு உருண்டு வர வேண்டும். எண்ணெய் பிரியாவிட்டால் பாலில் தண்ணீர் அதிகம் என்று பொருள், அது இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். சரியாக வந்தது ஒரு வாரத்துக்குக் கெடாது, கப்பல்காரர்கள் கட்டிக்கொண்டு போன பலகாரம் என்பார்கள்.

ஐந்தாம் நாள்: திருப்புல்லாணி, பெரியபட்டினம், மண்டபம்

திருப்புல்லாணி 108 திவ்யதேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. இராமர் தர்ப்பைமேல் படுத்திருக்கும் கோலம் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. பிள்ளை வரம் வேண்டி வருவோருக்குப் பாயசம் தருவார்கள். நான்கு கிலோமீட்டர் தள்ளிச் சேதுக்கரை. முதலில் கடலில் நீராடிவிட்டுக் கோயிலுக்கு வருவது வழக்கம்.

பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அழகன்குளத்தில் உரோமானியக் காசு, இங்கே சீனப் பீங்கான். இடையில் ஆயிரம் வருசம்.

மதியத்துக்கு மேல் மண்டபம். இங்கேதான் இரண்டு கடலும் அருகருகே. வடக்கே பாக் நீரிணையைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். சித்திரை முடிந்து கச்சான் என்ற தென்மேற்குக் காற்று கிளம்பினால் தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை வந்தால் தலைகீழ். ஒரே குடும்பம் பருவத்துக்கு ஒரு கரை என்று படகை மாற்றிக் கட்டுவது அதனால்தான்.

இந்தக் கரையில் கடல்பாசி எடுப்பது பெண்கள் தொழில். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று மூன்றுக்கும் வேறு வேறு விலை, வேறு வேறு பயன். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள், விலையும் அதற்குத்தான் அதிகம். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் போவார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் செருப்போ தகடோ கட்டி, இடுப்பில் வலைப்பையோடு இறங்குவார்கள். மூச்சுக் குழாய், காற்று உருளை எதுவும் கிடையாது, தம் பிடித்து முழுகுவதுதான். பாறையின் விளிம்பில் வேரை விட்டுவிட்டுக் கிள்ள வேண்டும். பாறையோடு சுரண்டினால் அடுத்த பருவத்துக்கு அங்கே பாசி இருக்காது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, அக்காமார் கைபிடித்துக் காட்டித் தருவது. மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி 45 நாள் தாங்களாகவே தொழிலை நிறுத்துவதும் அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

பிரச்சினை கடலுக்குள் இருக்கும் எல்லைக்கோட்டில். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தின் விளைவாக இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன, பாதுகாப்பு தேவைதான். ஆனால் பூங்காவின் எல்லை வரைபடத்தில் இருக்கும், தண்ணீரில் தெரியாது. முழுகி எழும் பெண் எந்தப் பக்கம் எழுகிறாள் என்பதில் அபராதம் தொங்குகிறது.

வளர்க்கும் பாசி வேறு, கப்பாபைகஸ். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவை, அதில் இருபது கயிறு, ஒவ்வொன்றிலும் இருபது கொத்து, கொத்துக்கு 150 கிராம். ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் ஏறக்குறைய 200 கிலோவுக்கு மேல் வரும், அடுத்த சுற்றுக்கு 60 கிலோ ஒதுக்கியது போக மீதி காய்ச்சலுக்கு. காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு. அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் கூட்டம் மேய்ந்துவிடும். வெயில் உச்சத்தில் தண்டு வெளுத்து ஐஸ் போலக் கரையும், அப்போது கெட்ட கொத்தை உடனே அறுத்து எறிய வேண்டும். மழைக்காலத்தில் வாடை மிதவையை உடைக்கும், அந்த மாதங்களில் தொழில் இல்லை. இந்தப் பாசிக்கு இன்னொரு முகமும் உண்டு: 2008இல் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் இது படர்ந்திருப்பது பதிவானது. விலையைச் சொல்லி வளர்க்கச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆறாம் நாள்: பாம்பன், தனுஷ்கோடி

பழைய பாம்பன் பாலம் 24.2.1914இல் திறக்கப்பட்டது. நடுத் தூக்குப் பாலத்தை ஆட்களே நெம்புகோல் சுற்றித் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் உடைந்ததை இ. ஸ்ரீதரன் குழு 46 நாளில் சீராக்கியது. புதிய பாலம் 6.4.2025இல் திறக்கப்பட்டது, அதன் 72.5 மீட்டர் நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறும். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பது ஆபத்து, பாம்பன் பக்கம் இறங்கிக் கரையில் நின்றால் நன்றாகத் தெரியும். குந்துகால் பக்கத்தில்தான், 26.1.1897இல் விவேகானந்தர் இறங்கியது. எதிர்கொண்டவர் பாஸ்கர சேதுபதி. இராமேசுவரத்துக்கு இங்கே எழுதத் தேவையில்லை, கோயிலையும் 22 தீர்த்தங்களையும் பற்றி எழுதாதவர் இல்லை.

தனுஷ்கோடி போகும் வழியில் வடகடல் பக்கம் ஓலைவலை இழுப்பதைப் பார்க்க முடிந்தால் நின்று பாருங்கள். நடுவில் மடி, இரண்டு பக்கமும் நீண்ட கயிறு, கயிறு நெடுகப் பனையோலைக் கீற்று. வலையின் நீளம் ஓலையில்தான். கயிறு அசைந்தால் ஓலை பளபளக்கும், மீன் மிரண்டு நடுவுக்குப் போகும், நூல் வலை நடுவில் மட்டும் இருந்தால் போதும். இரண்டு கூட்டமும் ஒரே வேகத்தில் இழுத்து, மெல்ல நெருங்கி வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மடி சரிந்து மீன் கீழ்வழியே போய்விடும். வேகத்தைப் பிடித்து வைப்பதற்காகத்தான் பாட்டு. விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு மற்ற நாள் என்ற முறை இருப்பதால் எந்த நாளில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கரையில் கிடைக்கும் மீனும் மாறும்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் 22 இரவு கடல் எடுத்ததுபோக மிச்சம், பவளக்கல்லால் கட்டிய தேவாலயச் சுவரும் இரயில் நிலையத்தின் இடிபாடும். சுவரில் கை வைத்து ஏறாதீர்கள், சாந்து பொடியாகிவிட்டது. அரிச்சல்முனையில் இரண்டு கடலின் நீரோட்டமும் மோதும், முழங்கால் தண்ணீரும் ஆளை இழுக்கும். மாலையில் சீக்கிரமே திரும்பச் சொல்லிவிடுவார்கள்.

வசிக்கத் தகுதியில்லை என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் இன்றும் மீனவக் குடிசைகள் இருப்பது ஊற்றுத் தண்ணீரால். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், அந்த மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது பங்கு நிற்கும் என்பது கணக்கு. மேலே ஒரு பங்கைக் கரைத்தால் கீழே நாற்பது பங்கு உப்பு ஏறும் என்பதும் அதே கணக்கு. அதனால் இங்கே மோட்டார் வைத்து உறிஞ்சினால் கிணறு சில நாளில் உவர்த்துப்போகும்.

கையால் மூன்று நான்கு அடி மணலைத் தோண்டுவார்கள். முதலில் கலங்கல் வரும், அதை இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட வேண்டும். பிறகு ஒதுங்கி உட்கார்ந்து ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு இன்னும் ஆழமாக்கினால் உப்பு வந்துவிடும், அந்தக் குழி அத்தோடு வீண். தெளிந்ததும் சிரட்டையைச் சாய்த்து மேல்தண்ணீரை மட்டும் வழித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறையக் கால் மணி நேரமாகும். நிறைந்ததும் குழியின் வாயில் ஓலையைப் போட்டு, ஓலைமேல் கல் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிரட்டையை ஓலைக்கு மேலேயே கவிழ்த்து வைத்திருப்பார்கள், அடுத்து வருகிறவருக்கு.